மதுரை வீட்டு போன் தோட்டத்தில் அடிக்க வேண்டும்

கேள்வி: கே.கே.நகர் வீட்டில் இன்டர்நெட் போன். வெள்ளிக்கிழமை அலங்காநல்லூர் தோட்டத்துக்குப் போனால் திங்கள்தான் திரும்புவோம். போனை இன்டர்நெட்டோடு இணைக்கும் பெட்டியில் (அடாப்டர்) கால் ஃபார்வர்டு, அதாவது வரும் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிடும் வசதி, போட்டிருந்தேன். போன வாரம் மதுரையில் கரண்ட் போனதும் அதுவும் போச்சு. அம்மாவுக்கு அந்த நம்பர் மட்டும்தான் மனப்பாடம். என்ன செய்யலாம்?

பதில்: அடாப்டர் அணைந்தால் அதிலுள்ள ஃபார்வர்டும் அணைந்துவிடும் அண்ணே. சேவை தருபவரின் கணக்குப் பக்கத்தில் போடுங்கள். அழைப்பு அவர்கள் சர்வரிலிருந்தே வேறு நம்பருக்குத் திருப்பிவிடப்படும், வீட்டில் கரண்ட் தேவையில்லை.

பதில்: ஃபார்வர்டே எதற்கு? அதே எஸ்.ஐ.பி. கணக்கை (மியூச்சுவல் ஃபண்டு இல்லை, இன்டர்நெட் போனுக்கான கணக்கு!) தோட்டத்திலும் ஒரு அடாப்டரில் பதிந்தால் இரண்டு இடத்திலும் மணி அடிக்கும். சில நிறுவனங்கள் ஒரே பதிவைத்தான் விடும், முதலில் கேளுங்கள்.

கேட்டவர்: கேட்டேன், விடுகிறார்கள். இப்போது இரண்டு பக்கமும் அடிக்கிறது. வார நாளில் அம்மா கூப்பிட்டால் தோட்டத்துக் காவல்காரர் முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறார். அது தனிப் பஞ்சாயத்து.