பழங்காநத்தம் வீட்டுப் பெண்கள்

*செவ்வாய்க்கிழமை*

ராஜம் அத்தை காலை 6:12
🎤 குரல் பதிவு 2:41 (பலமுறை பகிரப்பட்டது)

ராஜம் அத்தை 6:14
சுமதி, இதைக் கட்டாயம் கேள். உனக்கு மார்புப் பரிசோதனைக்கு லெட்டர் வந்திருக்கிறதாமே, உன் அம்மா சொன்னாள். அந்த மெஷினில் வைத்து அழுத்தினால் ஆபரேஷனில் உன் மார்புக்குள் வைத்த பை வெடித்து சிலிகான் ரத்தத்தில் கலந்துவிடுமாம். போகாதே கண்ணு.

காவேரி 6:50
அத்தை, இதைக் குரூப்பிலா போடுவது? அவளுக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம்.

ராஜம் அத்தை 6:52
இங்கே யார் அந்நியர்? எல்லாம் நம் வீட்டுப் பெண்கள்தானே.

திவ்யா 7:30
அம்மா, அழகர்கோயில் காதுகுத்துக்கு 14 சீட்டா 20 சீட்டா? வேன்காரர் ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

காவேரி 7:31
இரு.

சுமதி 11:40
இங்கே இப்போதுதான் விடிந்தது. லெட்டர் வந்தது உண்மைதான். இங்கிலாந்தில் 50 வயது தாண்டினால் எல்லாருக்கும் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையிலிருந்து வரும், 71 வரைக்கும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. எனக்கு வியாழக்கிழமை 9:20. அத்தை அனுப்பியதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. 22 வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை. நானே போய்க் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? மாலதி அண்ணி, இருக்கிறீர்களா?

அம்மா 11:44
மாலதி வருவாள். நீ முதலில் சாப்பிடு.

மாலதி அண்ணி 12:25
சுமதி, சமையலை முடித்துவிட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுமையாகப் படி.

மேமோகிராமில், அதாவது மார்பை அழுத்தி எடுக்கிற அந்த எக்ஸ்ரேயில், பை கிழிவது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிக மிக அரிது. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. தனக்கு வந்த புகார்களைத் திரட்டிப் பார்த்து 2004இல் வெளியிட்டது. மேமோகிராம் எடுக்கும்போது கிழிந்ததாக வந்த புகார்கள் 41. அத்தனை வருஷத்தில், அத்தனை பெண்களில் 41. அதற்குப் பிறகும் அவர்கள் சொல்வது, இம்ப்ளாண்ட், அதாவது இந்தப் பை, இருக்கிறவர்களும் பரிசோதனைக்குப் போக வேண்டும், முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதைத்தான்.

மாலதி அண்ணி 12:31
நான் 19 வருஷம் அந்த மெஷின் பக்கத்தில் நின்றவள். எப்படி எடுப்போம் என்று சொல்கிறேன். முதலில் பை இருக்கிற இடத்திலேயே வைத்து, அசையாமல் இருக்கிற அளவுக்கு மட்டும் லேசாக அழுத்தி ரெண்டு படம். அப்புறம் விரலால் தடவிப் பையின் விளிம்பைக் கண்டுபிடித்து, அதை விலா எலும்புப் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டு, உன் சதையை மட்டும் முன்னால் இழுத்துத் தட்டில் வைத்து இன்னும் ரெண்டு படம். நன்றாக அழுத்துவது இந்த ரெண்டில்தான். அப்போது பை தட்டுக்குள்ளேயே இருக்காது. எக்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1988இல் எழுதிய முறை, அவர் பெயரிலேயே சொல்வோம். உனக்கு இடது பக்கம் மட்டும்தானே? அப்படியானால் இடது பக்கம் நாலு படம், வலது பக்கம் வழக்கம்போல ரெண்டு. ஒவ்வொரு அழுத்தமும் சில வினாடிதான்.

சுமதி 12:33
வலிக்குமா அண்ணி?

மாலதி அண்ணி 12:34
இறுக்கும். பொறுக்க முடியாவிட்டால் "நிறுத்துங்கள்" என்று சொல். நிறுத்தியே ஆக வேண்டும்.

ராஜம் அத்தை 12:40
இதற்குத்தான் அப்போதே சொன்னேன், கடவுள் கொடுத்ததோடு இருந்திருக்கலாம் என்று.

காவேரி 12:41
அத்தை!!

காவேரி 12:41
2003இல் சொன்னதை இன்னுமா விடவில்லை? ஒரு பக்கம் வளராமலேயே நின்றுபோன பிள்ளை. காலேஜுக்குத் துணியை மடித்து வைத்துக்கொண்டு போனாள். கூடப் படுத்துத் தூங்கிய எனக்குத் தெரியும் அவள் அழுதது.

அம்மா 12:47
என் நாலு வளையலைப் போட்டுச் செய்தேன். யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை.

*ராஜம் அத்தை இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்*

திவ்யா 12:58
தேவகோட்டைக்காரர்களைச் சேர்த்தால் 20 சீட் வேண்டும். கார்த்திக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது?

காவேரி 12:59
அவனிடம் நான் பேசுகிறேன். நீ வேனை முடி.

காவேரி 1:00
முடிக்காதே, அப்பாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

மாலதி அண்ணி 1:15
சுமதி, இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். உண்மையான கஷ்டம் வெடிப்பதில் இல்லை, மறைப்பதில். சிலிகான் படத்தில் வெள்ளையாக விழும். அதற்குப் பின்னால் கட்டி இருந்தால் தெரியாமல் போகலாம். 2004இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், சாதாரணமாக 100 புற்றுநோயில் 67 பிடிபட்ட இடத்தில், இம்ப்ளாண்ட் வைத்தவர்களிடம் 45தான் பிடிபட்டது. ஆனாலும் அவர்களுக்கு நோய் முற்றிப்போய்த் தெரியவந்தது என்று இல்லை. கட்டியின் அளவும் நிலையும் மற்றவர்களுடையதைப் போலத்தான் இருந்தன. அதனால் படத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், குளிக்கும்போது கைக்குப் புதிதாக எதுவும் தட்டுப்பட்டால் மூன்று வருஷம் காத்திருக்காதே. அன்றைக்கே டாக்டரிடம் போ.

திவ்யா 1:17
மாலதி அத்தை, பை தசைக்கு மேலேயா கீழேயா என்று கேட்டு வையுங்கள். கீழே இருந்தால் படம் தெளிவாக விழுமாம்.

மாலதி அண்ணி 1:18
சரியாகச் சொன்னாய் திவ்யா.

சுமதி 1:20
எனக்கு எதுவும் தெரியாது அண்ணி. அன்றைக்கு எதையும் பார்க்கிற தைரியம் இல்லை. பேப்பர் எல்லாம் அம்மாவிடம்தான்.

அம்மா 2:36
📷
இரும்புப் பெட்டியில் என் கூறைப்புடவைக்கு அடியில் இருந்தது.

காவேரி 2:38
அம்மா, 22 வருஷமாகவா வைத்திருக்கிறாய்?

அம்மா 2:38
பின்னே, தூக்கியா போடுவேன்?

மாலதி அண்ணி 2:45
மாமி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். டிஸ்சார்ஜ் பேப்பரின் மூலையில் ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரைப் பார் சுமதி. ஜெல், 300 சிசி, ஸ்மூத் என்று இருக்கிறது. வழவழப்பான உறை. 2019இல் அலர்கன் கம்பெனி சொரசொரப்பான உறை போட்ட ஒரு வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய் அதோடு சேர்ந்து வந்ததால். உன்னுடையது அந்த ரகம் இல்லை. ஆனால் கம்பெனி பெயர் இருந்த இடத்தில் அந்துருண்டைக் கறை. மாமி, வெளிச்சத்தில் வைத்து இன்னொரு போட்டோ எடுங்கள்.

அம்மா 2:50
கண்ணாடி மாடியில் இருக்கிறது. சாயங்காலம்.

மாலதி அண்ணி 2:58
பை பழையது என்பதால் இதையும் கேள். கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது மேமோகிராமின் வேலை இல்லை. அதற்கு ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. உண்டு. இடது பக்கம் கல் மாதிரி இறுகினாலோ, வடிவம் மாறினாலோ, வீங்கினாலோ உங்கள் குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் தனியாகப் போ. வியாழக்கிழமைக்கு முன்னால் அந்த லெட்டரில் இருக்கிற எண்ணுக்குப் பேசு. "ஒரு பக்கம் இம்ப்ளாண்ட் இருக்கிறது" என்று முதல் வார்த்தையிலேயே சொல். சாதாரண நேரம் போதாது, அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சொல்லாமல் போய் நின்றுவிடாதே. வெட்கப்பட்டு ஒளித்ததில் என்ன ஆனது என்று இந்த வீடு ஒரு தடவை பார்த்துவிட்டது.

காவேரி 3:02
சரோஜா சித்தி.

அம்மா 3:03
ம்.

ராஜம் அத்தை 3:20
சரோஜா என்னிடம்தான் முதலில் காட்டினாள். பால் கட்டி மாதிரி இருக்கிறது, எண்ணெய் தடவு என்றேன். எட்டு மாதம் தடவினாள்.

ராஜம் அத்தை 3:24
போய்வா சுமதி. நான் அனுப்பியதைக் கேட்காதே.

சுமதி 3:31
அத்தை, உங்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

காவேரி 3:40
அண்ணி, நமக்கு இங்கே இப்படி லெட்டர் எதுவும் வராதா?

மாலதி அண்ணி 3:48
வராது. நம் ஊரில் 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் கையால் தடவிப் பார்ப்பார், காசு கிடையாது. சந்தேகம் என்றால் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். நாமாகப் போனால்தான் உண்டு.

ராஜம் அத்தை 3:50
71 வயதுக்கும் பார்ப்பார்களா?

மாலதி அண்ணி 3:50
பார்ப்பார்கள் சித்தி. ஏன்?

மாலதி அண்ணி 3:59
சித்தி, போனை எடுங்கள்.

சுமதி 5:15
பேசிவிட்டேன். சொல்லும்போது குரல் அடைத்தது, அந்தப் பெண் சாதாரணமாக "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். வியாழக்கிழமை ரத்து. நீளமான நேரம் பார்த்துத் திரும்பக் கூப்பிடுவார்களாம். என் மாமியாருக்கு இது எதுவும் தெரியாது. நானும் வருகிறேன் என்று கிளம்பினால் என்ன சொல்வது?

காவேரி 5:17
அவரைக் கூட்டிப் போக வேண்டுமென்று என்ன? ரவியைக் கூப்பிடு.

அம்மா 5:18
சொல்லிவிட்டால்தான் என்ன?

சுமதி 5:26
தெரியவில்லை அம்மா. தேதி வரட்டும்.

திவ்யா 6:05
20 சீட் சொல்லிவிட்டேன். கார்த்தி ஞாயிறு மட்டும்தான் வர முடியுமாம். ஞாயிறு முகூர்த்தம் இருக்கிறதா, யாராவது காலண்டரைப் பாருங்கள்.

அம்மா 6:07
கண்ணாடி மாடியில் இருக்கிறது.