மக்காச்சோள மூட்டையில் பச்சைப் பூஞ்சணம்: காயவைத்தால் போதுமா?

கேள்வி:
காயவைத்து, ஈரம் 13 சதவீதம் என்று மானியில் பார்த்த பிறகே மூட்டை கட்டினேன். இப்போது மேலடுக்கு மூட்டையைப் பிரித்தால் மணிகள் கட்டிகட்டியாக வருகின்றன. உடைத்தால் முளைக்கரு இருக்கும் முனையில் மஞ்சளும் பச்சையும் கலந்த தூள், மக்கிய வாடை. அடிமூட்டைகளில் எதுவும் இல்லை, கூரையும் ஒழுகவில்லை. ஈரம் எப்படி வந்தது? கழுவிக் காயவைத்து உண்ணலாமா? கோழிக்காவது போடலாமா?

முதல் பதில்:
தயவுசெய்து கோழிக்குப் போடாதீர்கள். அந்த நிறத் தூள் பெரும்பாலும் அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சணம். அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் நஞ்சேறிய தீவனத்தால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அதைத் துருவிய ஆய்வில்தான் இந்த நஞ்சே வெளிப்பட்டது. கறவை மாட்டுக்குப் போட்டால் பாலில் இறங்கும். வெயில் பூஞ்சணம் வளர்வதைத் தடுக்கும், ஊறிய நஞ்சை எடுக்காது. வேகவைத்தாலும் அது முழுதாக அழியாது. கட்டிகளை அப்புறப்படுத்துங்கள், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு.

இரண்டாம் பதில்:
ஈரம் தானியத்துக்குள்ளிருந்தே வந்திருக்கலாம். இரவில் கூரையோரம் குளிரும்போது, நடுவிலிருந்து எழும் வெதுவெதுப்பான காற்று மேலடுக்கில் பட்டு நீரை விட்டுவிடும். மானி காட்டுவது சராசரிதான். சரியாகக் காயாத மணிகள் அதில் மறைந்துபோகும். வண்டு இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது. நடு மூட்டைக்குள் கைவிட்டால் சூடும் தெரிகிறது. ஆனால் அங்கே தூள் இல்லை. அதை விதைக்கு வைக்கலாமா?

இரண்டாம் பதில் தந்தவர்:
அந்தச் சூட்டுக்கு வண்டுகளும் காரணம். அவை மூச்சுவிடுவதாலேயே தானியம் சூடேறி ஈரமாகும். இன்றே அடுக்கைப் பிரித்துப் பரப்பிக் காயவையுங்கள். விதைக்கு 100 மணிகளை ஈரத்துணியில் சுற்றி, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணுங்கள். எண்ணெய் நிறைந்த முளைக்கருவைத்தான் பூஞ்சணம் முதலில் தின்னும். அதனால் வெளியே தெரியும் முன்பே முளைப்புத்திறன் சரியும், மாவில் சிக்கு வாடை வரும்.

உணவுக்கு என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஒரே மூட்டையில் ஒரு கைப்பிடி எடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். நஞ்சு சில மணிகளில் மட்டும் குவிந்திருக்கும். பல மூட்டைகளில், மேல், நடு, அடி என எடுத்துக் கலந்து அனுப்புங்கள். முடிவு வரும்வரை மனிதருக்கும் வேண்டாம், கால்நடைக்கும் வேண்டாம்.