டாக்டர் நடக்கச் சொல்கிறார், எங்கே நடப்பது? குமரி மாவட்ட அனுபவங்கள்

அம்மாவுக்கு 67 வயது. சுசீந்திரத்தில் ரத வீதிக்குப் பக்கத்தில் இருந்தவரை நடைப்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்ததில்லை. காலையில் கோயில், திரும்பும் வழியில் காய்கறி, சாயங்காலம் தெப்பக்குளம் பக்கம் ஒரு சுற்று. எல்லாம் நடந்தேதான். அப்புறம் அண்ணன் நாகர்கோவிலுக்கு வெளியே, மெயின் ரோட்டை ஒட்டி வீடு கட்டி அம்மாவையும் அழைத்துக்கொண்டார். நல்ல வீடு. ஆனால் பால் வாங்கக்கூட ஸ்கூட்டர் வேண்டும். நடைபாதை கிடையாது. ஓடையை மூடிய சிலாப் மேல்தான் நடக்கணும், அதுவும் அங்கங்கே உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு வருஷத்துக்குள் எடை கூடியது, பிரஷர் மாத்திரை ஒன்று இரண்டாயிற்று. வயதும் ஒரு காரணம்தான், வீட்டை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுசீந்திரத்தில் அம்மா நினைக்காமலே அந்தக் கணக்கு தீர்ந்துகொண்டிருந்தது.

ராத்திரி லாரிச் சத்தம் வேறு. தூக்கம் கெடுவதோடு போச்சு என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் தூங்கும்போதும் காது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. சத்தத்துக்கு உடம்பு பதறி ரத்த அழுத்தம் ஏறுகிறது. இரவில் சாலை இரைச்சல் சராசரி 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று 2018-இல் ஐரோப்பிய நாடுகளுக்கு அதே நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. அம்மாவின் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினோம், தூக்கம் இப்போது பரவாயில்லை. நடக்கத்தான் இடமில்லை. உங்கள் ஊரில் எப்படி?

மார்த்தாண்டம் பக்கமிருந்து:
அக்கா, இங்கே வாசலை விட்டு இறங்கினாலே ஏற்றம்தான். அப்பா ரப்பர் பால் வெட்டியவர். இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு சமதரையில் மெதுவாக நடக்கத் தொடங்கச் சொன்னார்கள். ரோட்டிலோ டிப்பர் வந்தால் கையாலைச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கடைசியில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பேசி, காலை 6 மணிக்கு மைதானக் கேட்டைத் திறந்துவிடச் சம்மதிக்க வைத்தோம். இப்போது அவர் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடக்கிறார்கள். பேச்சுத்துணை கிடைத்த பிறகு அப்பாவை யாரும் எழுப்பிவிட வேண்டியதில்லை.

குளச்சலிலிருந்து, ஓய்வுபெற்ற நர்ஸ்:
யாரும் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. இதயம் பலவீனமானவர்கள் பலருக்குக் காலையில் நீர் மாத்திரை இருக்கும். அதைப் போட்ட பிறகு சில மணி நேரம் அடிக்கடி சிறுநீர் போகும். வழியில் கழிப்பறை இல்லையென்றால் நடப்பதை விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் மாத்திரையை விட்டுவிடுவார்கள். மாத்திரையை விட்டால் காலில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். குறிப்பாகப் பெண்கள் டாக்டரிடம்கூட இதைச் சொல்வதில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அக்டோபர் 2 கிராமசபையில் நடைபாதை கேட்கிறவர்கள், கழிப்பறையையும் நிழலில் உட்கார பெஞ்சையும் அதே மனுவில் சேர்த்து எழுதுங்கள்.