ஃபெடிவெர்ஸ்ல (தனித்தனியா ஆளுங்க நடத்தற சர்வர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற சமூக வலைத்தளங்கள்ல) உங்களுக்கு நடந்ததுல இன்னும் மனசுல உறுத்துற ஒண்ணு?

குருவிக்கூடு
சர்வர் மூடப்போறோம்னு எங்க அட்மின் மூணு மாசம் முன்னாடியே சொல்லிட்டாரு. நாங்க இருந்தது மாஸ்டடான், ட்விட்டர் மாதிரி ஒண்ணு. அதோட சர்வர் ஒப்பந்தம் கேக்கறதும் அதுதான், அதுல குறை சொல்ல மாட்டேன். புது இடத்துல கணக்கு தொடங்கி, பழையதுல ‘மூவ்’ (ஃபாலோயரைப் புதுக் கணக்குக்கு மாத்தறது) கொடுத்துட்டு, புது ப்ரொஃபைலைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரிஃப்ரெஷ் பண்ணப் பண்ண ஃபாலோயர் எண்ணிக்கை ஏறுது. பக்கத்துலயே ‘பதிவுகள் 0’. மார்கழி பூரா போட்ட கோலப் படங்க, அதுக்குக் கீழ ‘இது நேர்ப்புள்ளி’, ‘இல்ல ஊடுபுள்ளி’ன்னு ரெண்டு பாட்டிமாருங்க போட்ட சண்டை, எல்லாம் பழைய சர்வரோட போச்சு. ஆர்க்கைவ்னு ஒரு ஜிப் கையில இருக்கு, அதைப் புது சர்வர்ல ஏத்த வழியில்ல. ஆளுங்க வந்துட்டாங்க, பேசினது வரல.

மூணாவதுமாடி
மூணு மாசமா? கொடுத்து வச்சவங்க நீங்க. எங்களுது ஒரு நாள் காலையில திறக்கல, அவ்வளவுதான். அட்மினும் ஆள் அட்ரஸ் இல்ல. பழைய சர்வர் உயிரோட இருந்து ‘இவரு இங்க போயிட்டாரு’ன்னு மத்த சர்வர்களுக்குச் சொன்னாத்தானே ஃபாலோயர் நகரும்? ரொம்ப நாள் கழிச்சு ஒரு நண்பர் நேர்ல பாத்துக் கேட்டாரு, “ஏன்யா, நான் எது போட்டாலும் பதிலே சொல்றதில்ல?” அவர் போனை வாங்கிப் பாத்தா என் பழைய கணக்கு டிபியோட அப்படியே நிக்குது. அவங்க சர்வர்ல சேத்து வச்ச நகல். அதுகிட்ட மனுஷன் மாசக்கணக்கா பேசிட்டிருந்திருக்காரு.

அட்மின் நல்லவரா இருந்தாலும் போதாதுங்க. 2024 பிப்ரவரியில குயர் டாட் ஏஎஃப்ங்கற மாஸ்டடான் சர்வர் போனது எதனால? .ஏஎஃப் ஆப்கானிஸ்தானோட டொமைன் (இணைய முகவரி), அந்த சர்வர் பேரைத் தாலிபான் அரசு முடக்கிடுச்சு.

நெய்தல்
2019 நவம்பரில் சஞ்சய் ஹெக்டே என்ற வழக்கறிஞரின் ட்விட்டர் கணக்கை முடக்கியதற்காகக் கோபித்துக்கொண்டு மாஸ்டடானுக்குப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். பொங்கலுக்குள் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். நான் திரும்பாததற்கு ஒரே காரணம்தான். படம் போடும்போதெல்லாம் விளக்கம் எழுதுங்கள் என்று அங்கே ஆளாளுக்குச் சொல்வார்கள். அலுத்துக்கொண்டே தமிழில் எழுதினேன்: “வாழை இலையில் மூன்று இட்லி, ஓரத்தில் மிளகாய்ப்பொடி, எண்ணெய் இலையில் வழிந்து ஓடுகிறது.” பார்வையற்ற ஒருவர் பதில் போட்டார்: “எண்ணெய் எந்தப் பக்கம் ஓடுதுங்க? கேட்டதும் பசிக்குது.” விளம்பரமோ அல்காரிதமோ குறுக்கே இல்லாத டைம்லைனில்தான் அப்படி ஒரு பதில் என் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

தகரடப்பா
@நெய்தல், சார், ட்விட்டர்லயும் ஆல்ட் டெக்ஸ்ட் (படத்துக்கு எழுதற விளக்கம்) இருக்கு. எழுதறவன் எங்க வேணா எழுதுவான். சும்மா அல்காரிதத்தைத் திட்டாதீங்க.

என் கதை: நானும் ஃப்ரெண்டும் தனிச்செய்தியில ஒரு சந்திப்பு ஏற்பாடு பண்ணினவரைப் பத்திப் பேசிட்டிருந்தோம். இவன் கோவத்துல அவரோட முழு ஹேண்டிலையும் அட் போட்டு எழுதிட்டான். மாஸ்டடான்ல தனிச்செய்தின்னா என்ன? யார் யார் பேரை எழுதறோமோ அவங்களுக்கு மட்டும் தெரியற பதிவு. ரெண்டே நிமிஷம், அதே இழையில அவர்கிட்டருந்து பதில்: “டீ மட்டும்தான் சரியில்லையா தம்பி, மத்ததெல்லாம் ஓகேவா?”

சர்வர்பூசாரி
எல்லாரும் அட்மினையே போட்டுத் தாக்கறீங்க. நான் சின்ன சர்வர் ஒண்ணு நடத்தறேன். மத்த சர்வர்ல இருக்கறவங்க போடற படமெல்லாம் என் டிஸ்க்குலயும் வந்து உக்காரும். அதை அப்பப்ப துடைக்கலைன்னா ரொம்பிடும். வாடகை என் சம்பளத்துலருந்து போகுது.

நான் சொல்ல வந்தது வேற. பெரிய சர்வர் ஒண்ணுலருந்து எங்க பொண்ணுங்களைக் குறிவச்சு கும்பலா வந்து அசிங்கமா எழுதினாங்க. அந்த அட்மினுக்கு ரிப்போர்ட் மேல ரிப்போர்ட், ஒரு பதில் இல்ல. ராத்திரி ஒரு மணிக்கு அந்த மொத்த சர்வரையும் தடை பண்ணி வெட்டிட்டேன். காலையில ஒரு பொண்ணு எழுதியிருந்துச்சு: “அண்ணா, எங்க அக்கா அந்த சர்வர்லதான் இருக்கா. அவ பதிவு எதுவும் வரல, ஏன்?” வெட்டினா ஃபாலோ ரெண்டு பக்கமும் அறுந்துடும், தடையை எடுத்தாலும் தானா ஒட்டாது. மாஸ்டடான் 4.3 பதிப்புல இருந்துதான் எது எது அறுந்துச்சுன்னு பட்டியலாவது காட்டுது. இன்னைக்கும் நான் அதைத்தான் செய்வேன். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம அரை மணி நேரம் ஸ்க்ரீனைப் பாத்துட்டிருந்தேன்.

கேபிள்ராஜா
எனக்குப் பெருசா எதுவும் நடக்கல, ஒருதடவை பாஸ்வேர்டு மறந்துச்சு. ஆனா நீங்க எல்லாரும் அடுத்தவன் வீட்டுல வாடகைக்கு இருந்துட்டு, வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னா அழறீங்க. முதல்ல சொந்தமா ஒரு டொமைன் வாங்குங்க. .ஏஎஃப், .எம்எல்னு அழகுக்காக அடுத்த நாட்டு டொமைனை வாங்காதீங்க. ஃபாலோ பட்டியலை மாசாமாசம் சிஎஸ்வி ஃபைலா இறக்கி வைங்க. அதைப் புது சர்வர்ல ஏத்தலாம், பதிவைத்தான் முடியாது. சேரறதுக்கு முன்னாடி அந்த சர்வரோட ‘எங்களைப் பற்றி’ பக்கத்துல யாரை யாரை வெட்டியிருக்காங்கன்னு படிங்க, நிறைய பேர் அங்கயே போட்டிருப்பாங்க. தனிச்செய்தியை அட்மின் நினைச்சா டேட்டாபேஸ்ல படிக்கலாம், என்க்ரிப்ஷன் கிடையாது. ரகசியம் பேசணும்னா சிக்னல் ஆப்புக்குப் போங்க. இதெல்லாம் ரோதனைன்னா ப்ளூஸ்கை போங்க, அதுவும் ட்விட்டர் மாதிரிதான். அங்க அடையாளம் வேற, பதிவு இருக்கற சர்வர் வேற, பதிவையும் தூக்கிட்டு நகரலாம். சொந்த டொமைனையே ஹேண்டிலா வச்சுக்கலாம். குருவிக்கூடு மேடம் அங்க இருந்திருந்தா கோலம் போயிருக்காது.

மூணாவதுமாடி
யாரு கேட்டா உங்ககிட்ட? ப்ளூஸ்கைல நகரலாம்தான், நகந்தவங்க எத்தனை பேரு? கணக்குல பெரும்பாலானது அந்தக் கம்பெனியோட சர்வர்லயேதான் இருக்கு. 2024ல பிரேசில்ல எக்ஸை (பழைய ட்விட்டர்) தடை பண்ணினதும் ஓடி வந்தவங்க ஒரே கதவைத்தான் தட்டினாங்க. மாஸ்டடான்ல ஒரு சர்வர் செத்தா மத்தது ஓடுது. நானே அப்படி ஒண்ணுல செத்தவன், நானே சொல்றேன்.

குருவிக்கூடு
சார் இல்ல, மேடம் இல்ல, சும்மா பேர் சொல்லுங்க. படமெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு கேபிள்ராஜா. எனக்குப் போனது அந்தப் பாட்டிங்க சண்டை. அவங்க எழுதினதை என் கணக்கோட நான் எப்படித் தூக்கிட்டுப் போறது?

பூசாரி அண்ணே, அந்த அக்கா தங்கச்சி என்ன ஆனாங்கன்னு சொல்லவேயில்லையே?

சர்வர்பூசாரி
அக்காவுக்கு நம்ம சர்வர்லயே இடம் கொடுத்தேன்மா, வந்துட்டாங்க. ஒரே ஒரு பதிவு போட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் வாட்ஸ்அப்புலதான் பேசிக்கறாங்களாம்.