கோபோல் ப்ரோக்ராமை ஏஐ வச்சு ஜாவாவுக்கு மாத்துறோம், டெஸ்டிங்ல உதவி வேணும்

மக்களே, பேங்க்ல 30 வருஷமா ஓடுற வட்டி ப்ரோக்ராமை, கோபோல்ங்கிற பழைய ப்ரோக்ராமிங் மொழியில இருந்து ஜாவா மொழிக்கு ஏஐ வச்சு மாத்திட்டு இருக்கோம், கோடு பாக்க அவ்ளோ சுத்தமா இருக்கு, அதான் பயமே. கோபோல்ல ரவுண்டட்னு (கிட்டத்துல இருக்கிற எண்ணுக்கு மாத்தச் சொல்றது) போடலைன்னா மிச்ச தசமம் அப்படியே வெட்டுப்படும், 10.129 வந்தா 10.12 தான், புது கோடு 10.13னு காட்டுது. ஒரு கணக்குக்கு 0.01, லட்சக்கணக்கான கணக்குல தினமும்னா? டெஸ்ட் கேஸையும் அதே ஏஐ தான் எழுதுச்சு, அதனால எல்லாமே பாஸ். 2018ல இங்கிலாந்து டிஎஸ்பி பேங்க் சிஸ்டம் மாத்தினப்போ ஏஐ இல்லாமலே லட்சக்கணக்கான பேர் கணக்கைத் திறக்க முடியாம தவிச்சாங்க. பழசையும் புதுசையும் சேத்து ஓட்டி ஒப்பிட்டுப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? எத்தனை மாசக் கடைசி பேட்ச் (எல்லாக் கணக்கையும் மொத்தமா ஒரே தடவைல ஓட்டுறது) வரைக்கும் ஓட்டினீங்க, வித்தியாசம் வந்தா எதை சரின்னு எடுத்துக்கிட்டீங்க? ப்ளீஸ் சொல்லுங்க.