வெளிநாட்டுல படிக்கும்போது வெயில் வந்த அந்த ஒரு நாள்: நம்ம குமரி மாவட்டத்துக்காரங்க சொல்லுங்க

வடசேரிக்காரன்
ஸ்காட்லாந்துல எடின்பரோ, எம்எஸ்சி. குளிர்காலத்தப் பத்திப் போனவங்களுக்குச் சொல்ல வேண்டாம், டிசம்பர்ல சாயங்காலம் 3.40-க்கே சூரியன் அடைஞ்சிரும். நான் சொல்ல வந்தது மார்ச் மாசத்து ஒரு செவ்வாய்க்கிழமை. படிப்ப நிறுத்திட்டு ஊருக்குப் போறேன்னு டிபார்ட்மென்ட்டுக்கு மெயில் அடிச்சு முடிச்சாச்சு. அனுப்புறதுக்கு முன்னால ஒருக்கா வாசிப்போம்னு பாத்தா எழுத்தே தெரியல. ஸ்கிரீன் மேல வெயில்! நவம்பர்ல குடிவந்த ரூம். அந்த ஜன்னல் வழியா வெயில் வரும்னே எனக்கு அதுவரை தெரியாது. திரைய இழுக்க எந்திச்சேன். கீழ மெடோஸ் பார்க் புல்லுல பாதிப்பேரு சட்டையக் கழத்திட்டுக் கெடக்காங்க. 12 டிகிரிதான். நாம 22-க்கே மப்ளர் தேடுற ஆளுக. வீட்டுச் செருப்போட எறங்கிப் போயி ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். திரும்பி வந்து மெயில அழிச்சேன்.

டிகிரி வாங்கி, இப்ப நாகர்கோவில்ல வேலை. ஆனா இன்னும் உறுத்துது. அன்னைக்கு மூடாப்பா இருந்திருந்தா?

மார்த்தாண்டம்தேன்
பின்லாந்துல ஹெல்சின்கி. நமக்கு வருஷம் பூரா பகல் பன்னெண்டு மணி நேரம், மிஞ்சிப்போனா அரைமணி முன்னபின்ன. அங்க டிசம்பர்ல ஆறு மணி நேரம்கூட கெடையாது. பிப்ரவரி கடைசியில ஒரு காலையில பஸ் ஸ்டாப்புல நாலஞ்சு பேரு சுவத்துல சாஞ்சு, சூரியனப் பாத்துக் கண்ண மூடி நிக்காங்க. ஏதோ ஜெபம்னு நெனச்சேன். நானும் நின்னு பாத்தேன். மூக்கு நுனி லேசா சுட்டுது, அவ்வளவுதான். பஸ் வந்துது. ரெண்டு பேரு ஏறல. அதுல ஒண்ணு நான்.

குளச்சல்1741
வெயிலுக்கு ரொம்ப பவர் குடுக்கியோ. 1983-ல ஷ்வார்ஸ், க்ளோர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல போன் போட்டு வாழ்க்கை எப்படி இருக்குன்னு கேட்டாங்க. வெயில் நாள்ல திருப்தின்னு சொன்னவங்க, மழை நாள்ல கொறச்சுச் சொன்னாங்க. ஆனா "அங்க வெதர் எப்படி"ன்னு முதல்ல கேட்டுட்டா அந்த வித்தியாசமே காணோம். பின்னாடி பெரிய அளவுல சோதிச்சவங்களுக்கு அதுவும் சரியாக் கெடைக்கல. வடசேரி அண்ணே, நீங்க எப்படியும் அனுப்பியிருக்க மாட்டிய.

போகப்போறவங்களுக்குச் சொல்லுகேன். தெக்கு பாத்த ஜன்னல் உள்ள ரூமாப் பாருங்க, வாடகை கூடுனாலும் சரி. காலையில வெளிச்சம் வந்ததும் அரைமணி வெளிய நடங்க, மேகமா இருந்தாலும் ரூம் லைட்டவிட அது எத்தனையோ மடங்கு வெளிச்சம். பிரிட்டன்ல இலையுதிர்காலம், குளிர்காலம் ரெண்டுலயும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கச் சொல்லி அரசாங்கமே சொல்லுது. வெயிலுக்குப் பதிலா முன்னால வச்சு உக்கார 10,000 லக்ஸ் (வெளிச்ச அளவு) விளக்குன்னு விக்கான், டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்குங்க. குளிர்காலம் வந்தா மட்டும் வர்ற மனச்சோர்வு ஒரு நோய்னு 1984-லயே எழுதிட்டாங்க. சோம்பேறித்தனம்னு நெனச்சு ஒளிச்சு வைக்காதீங்க.

என் அனுபவமா? டப்ளின், ரெண்டு வருஷம், மழை.

தக்கலை அம்மா
நான் எங்கயும் படிக்கப் போகல. மகன் கனடாவுல இருக்கான். என் போன்ல தக்கலைக்கு மேல அவன் ஊரு வெதர்தான் இருக்கும். மேகப் படம்னா "ம், சாப்ட்டேன், வைக்கேன்". சூரியன் படம் வந்தா நானே கூப்பிட்டிருவேன். ஏப்ரல்ல ஒருநாள் நாப்பது நிமிசம் பேசினான். நெத்திலிக்கு மாங்கா போடணுமா புளி கரைக்கணுமான்னு கேக்கான். ஆறு மாசமா நூடுல்ஸ் தின்ன பிள்ளை! குளச்சல் தம்பி, நான் வெதரக் கேட்டுட்டுதான் பேச்சே தொடங்குவேன். அப்பவும் அவன் சந்தோசமாத்தான் பேசுகான்.

குலசேகரம்
எல்லாரும் வெயில் வெயில்ங்கியோ. நான் ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட். ஜனவரியில 40-ஐத் தாண்டும், கூடப் படிக்கவன் "சூப்பர் வெதர், பீச்சுக்கு வா"ம்பான். எனக்குத் தலவலி. ஜூன்ல ஒரு நாள் காலையில இருந்தே மழை. சைக்கிள் ஷெட்டு தகரத்துக்குக் கீழ நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், கிளாஸுக்குப் போகல. வீட்டுல மழைன்னா ரப்பர் வெட்டு கெடையாது. அப்பா வீட்டுல இருப்பாரு.

வடசேரிக்காரன்
குளச்சல், வைட்டமின் டப்பா நவம்பர்லயே வாங்கினேன். தொறக்கவே இல்ல.
அம்மா, கடைசில மாங்காயா புளியா?

தக்கலை அம்மா
மாங்காதான் மக்களே.