புதுப்பிப்பு: டர்பன் அலுவலகத்து மௌனச் சண்டை

அலுவலகத்தில் இரண்டு குழுக்களை ஒன்றாக்கியதும் கூட வேலை செய்யும் மூத்த அக்கா ஒருவர் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். "ஒரு குழு உருவாகி வளர்வதற்கு உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் சொன்ன நான்கு கட்டங்களில் இது இரண்டாவது, மோதல் கட்டம், பொறுங்கள்" என்றார் ஒருவர். சரி, பொறுத்தேன். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம் பார்த்தால் விஷயமே வேறு. சரக்கு ஆவணங்களைச் சரிபார்ப்பது இனி யார் வேலை என்று யாருமே சொல்லவில்லை. அவர் வேலையை நான் பிடுங்கிக்கொண்டதாக அவர் நினைத்திருக்கிறார்; நானோ அவர் அதை என் தலையில் கட்டிவிட்டதாக! சாட்ஸ்வொர்த்தில் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டே பேசினோம், பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. யாருக்கு எந்த வேலை என்று இப்போது பலகையில் எழுதியிருக்கிறோம்.

ஜூலு இனத்து நண்பர் ஒருவர் மட்டும் இன்னும் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. மேலாளர் முன்னால் வைத்து நான் காரணம் கேட்டது தப்பு. தனியாகக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.